மாசாணி நலமாக இருக்கிறாள்

காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு முறை சொன்னால் வற்புறுத்துவதுபோல ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது. நீங்கள் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், ஜெரோம் சார், நான் நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் டம்ளரைத் தொடவில்லை. உங்களுக்குக் கொடுத்த அதே எவர்சில்வர் டம்ளர்தான் அவளுக்கும். அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மாசாணியம்மாளின் மகள் அன்புக்கரசி இப்படி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்காருவாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தாயிடம் அந்தச் சுருக்கம் கிடையாது.

நீங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. திங்கட்கிழமை தொழிலாளர் துறை விசாரணைக்கு வந்து, கம்பெனி இணையதளத்தில் வந்த அந்தப் பக்கங்களை எழுதியவள் மாசாணியம்மாள் அல்ல, நான்தான் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொன்னால் அவளுடைய சாவுக்குக் காரணம் மணல் தூசு என்று ஆணையர் எழுதுவார். சொல்லாவிட்டால், தூசே இல்லாத இடத்தில் வேலை பார்த்ததாக அவளே தினம் எழுதியிருக்கிறாள் என்று கம்பெனி வக்கீல் நீட்டிய காகிதங்கள் நிற்கும். அவள் பக்கத்து வக்கீலாக இதை எனக்குப் பொறுமையாக விளக்கினீர்கள். புரிந்தது. புரியாமல் நான் எதையும் செய்ததில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குள் அதை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் பம்ப் கம்பெனி. முதலாளி கோவிந்தராஜுலு எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. துடியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போவேன். ஜன்னல் வழியாக மலை தெரியும். சில நாள் மேகம் மலையை மூடியிருக்கும், சில நாள் பக்கத்து வயலில் நிற்பதுபோல நெருங்கி வந்திருக்கும். அதை யாரிடமாவது சொல்லத் தோன்றும். ஆபீசில் யாரிடம் சொல்வது? வீட்டில் யாரும் இல்லை.

அண்ணன் மகன் வம்சி அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தான். தொண்ணூற்றெட்டில் கம்பெனிக்கு ஓர் இணையதளம் வைத்தான். பம்பின் படமும் குதிரைத்திறனும் போட்டால் போதும் என்றார் அண்ணன். போதாது என்றான் வம்சி.

"அத்தை, ஒரு கம்பெனி சொல்றதை எவனும் நம்ப மாட்டான். ஒரு ஆளு சொன்னா நம்புவான். அங்கெல்லாம் சில பேரு தினம் டைரி மாதிரி எழுதி நெட்ல போடறாங்க. நம்ம ஃபவுண்டரில இருந்து ஒருத்தர் தினம் ஒரு பக்கம் பேசணும். இன்னிக்கு என்ன நடந்துச்சு, மழை பேஞ்சுச்சா, சும்மா அப்படி."

முதலில் ஃபோர்மேன் மயில்சாமியைப் பேச வைத்தான். மயில்சாமி சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து, எங்கள் தரம் உலகத் தரம் என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டார்.

"மழையைப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்கண்ணா" என்றான் வம்சி.

"மழை பேஞ்சா மணலு நனைஞ்சு போயிருமுங்க தம்பி. அதைய வெளிநாட்டுக்காரனுக்கு எதுக்குச் சொல்லோணும்?"

நான்தான் மாசாணியம்மாளின் பெயரைச் சொன்னேன். அவள் கோர் ஷெட்டில் மணல் சலிப்பவள். பம்பின் வயிற்றுக்குள் தண்ணீர் சுழலுவதற்கு ஒரு வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடத்தின் உருவத்தை முதலில் மணலில் செய்து, சுட்டு, அச்சுக்குள் வைப்பார்கள். அதுதான் கோர். உருக்கிய இரும்பு அதைச் சுற்றிப் பாய்ந்து இறுகியதும் மணலைத் தட்டி உதறிவிடுவார்கள். "நான் செய்வது எதுவும் பம்பில் இருக்காது. நான் செய்தது இல்லாமல் போன இடத்தில்தான் தண்ணீர் ஓடும்." முதல் பக்கத்தில் மாசாணி இப்படிச் சொன்னாள். அதாவது, நான் எழுதினேன். கென்யாவில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் அன்றே பதில் போட்டார். இதைவிட நல்ல வாக்கியத்தைத் தான் இந்த வருடம் படிக்கவில்லை என்று எழுதியிருந்தார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அவளைக் கேட்காமல் செய்யவில்லை. ஆபீஸ் வாசற்படிக்கு வெளியே அவள் நிற்க, உள்ளே வா என்றேன். வேண்டாமுங்க, காலெல்லாம் மணலு என்றாள். கம்ப்யூட்டரைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன்.

"இதுக்குள்ள நானு என்னங்க பண்றேன்?"

"பேசறே, மாசாணி. ஊரு உலகமெல்லாம் கேக்கும்."

"ஊட்ல நான் பேசறதக் கேக்கவே ஆளில்லீங்க அம்மணி. ஊரு உலகம் கேக்குதுங்களா?" என்று சிரித்தாள். பிறகு, "உங்க இஷ்டமுங்க" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் நிற்பவர்கள் சொல்வது அது. ஆனால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் அதில் இடம் இருக்கிறது.

நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் போனதும் கோர் ஷெட் வாசலில் நின்று அவளைக் கூப்பிடுவேன். எப்படி இருக்கே மாசாணி என்று கேட்பேன். நல்லா இருக்கறனுங்க அம்மணி என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் எழுதுவேன். ஒவ்வொரு பக்கமும் அப்படித்தான் தொடங்கும்: நான் நலமாக இருக்கிறேன். அவள் சொல்லாமல் அந்த வரியை நான் ஒரு நாளும் எழுதியதில்லை. விசாரணையில் நீங்கள் பொய் என்று சொன்ன அந்த வரி ஒன்றுதான், உண்மையில், அவள் வாயிலிருந்து வந்தது.

மற்றதெல்லாம் நான். மலை, மேகம், பஸ் ஜன்னல், மழைக்கு முந்தின மண் வாசனை. மேட்டுப்பாளையம் சந்தையில் பாக்கு மூட்டைகளுக்கு நடுவே பூ விற்கிற பெண்ணிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கி, தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தது. வெள்ளைப் புடவை கட்டியவள் பூ வாங்கியதை நான் வேறு யார் பெயரில் எழுத முடியும்? மாசாணி அதை எழுதினாள். ஹாலந்திலிருந்து ஒரு பெண், உன் மல்லிகையின் மணம் இங்கே வந்தது மாசாணி என்று பதில் போட்டாள். அன்று முழுவதும் எனக்குக் கை நிறைந்திருப்பதுபோல இருந்தது.

ஆர்டர்கள் வந்தன. அதைப் பற்றி வம்சியிடம் கேளுங்கள். கண்காட்சிக்குப் போனால் பம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் மாசாணி சுகமா என்று கேட்கிறார்கள் என்று சிரிப்பான். ஒரு கம்பெனி தன்னைப் பற்றி எழுத வேண்டும் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று மற்ற முதலாளிகளிடமும் சொல்வான்.

இருமலை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அவள் என் முன்னால் இருமமாட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே, "சித்த இருங்க அம்மணி" என்று சுவருக்கு அந்தப் பக்கம் போய் இருமிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதைக்கூட எழுதலாமா என்று யோசித்தேன். இருமல் இல்லாமல் அந்த மரியாதையை மட்டும் எழுத வழி தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

ஹாலந்துப் பெண்தான் ஒரு நாள் கேட்டாள். மணலோடு வேலை செய்கிறாயே, மூக்கை மூடிக்கொள்ள ஏதாவது கொடுக்கிறார்களா? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மாசாணி பதில் எழுதினாள்: கொடுக்கிறார்கள், நீல நிறத்தில், அதைப் போட்டுக்கொண்டால் எங்களில் யார் யார் என்றே தெரியாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்போம். அந்தப் பெண்ணுக்கு நிம்மதியாக இருந்தது. நீல நிறம் என்று எழுதியதும் எனக்கே அது கண்ணில் தெரிந்தது. நான்கைந்து பெண்கள், நீலத் துணிக்கு மேல் சிரிக்கும் கண்கள். கோர் ஷெட்டில் எவளுக்கும் அப்படி ஒன்று கொடுக்கப்படவில்லை. அவர்கள் முந்தானையைக் கட்டிக்கொள்வார்கள், வியர்த்தால் அவிழ்த்துவிடுவார்கள். விசாரணையில் கம்பெனி வக்கீல் மேலே வைத்த காகிதம் அந்த நீலத் துணிப் பக்கம்தான் என்று சொன்னீர்கள். நல்ல பக்கம் அது.

ஒரு காலை, நான் கேட்டபோது அவள் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை.

"மூச்சு வாங்குதுங்க அம்மணி. ரெண்டு எட்டு வெச்சா நெஞ்சக் கப்புனு புடிச்சுக்குது."

நான் கேட்டுக்கொண்டேன். பதறவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். அவளும் நின்றாள். பிறகு மெதுவாக, "மத்தபடி?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நம் ஊரில் ஒருவர் நின்று காத்திருந்தால் அவருக்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்பாமல் இருக்கமாட்டார்கள்.

"மத்தபடி நல்லா இருக்கறனுங்க."

நான் ஆபீசுக்குப் போய் எழுதினேன். அதற்குப் பிறகு எல்லா நாளும் அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்க வேண்டியிருந்தது.

இப்போது நீங்கள் ஏதோ சொல்கிறீர்கள், ஜெரோம் சார். உங்களுக்கு ஒன்றும் வராது மேடம், உங்கள் அண்ணனையும் யாரும் ஜெயிலில் போடப்போவதில்லை என்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள். அண்ணனுக்குப் பயந்துகொண்டு நான் பேசாமல் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அண்ணன் என் பேச்சைத் தட்டியதே இல்லை. கால் வீங்கின ஒரு பெண்ணை உலைப் பக்கத்திலிருந்து மாற்றி உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுங்கள் என்று ஒரு தடவை சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே சரி என்றார். மறுநாள் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அன்புக்கரசி முதல் முறையாக வாய் திறக்கிறாள். மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியும்.

"எங்கம்மாளுக்குக் கையெழுத்தே வராதுங்க. பெருவெரல மையில ஒத்தித்தான் சம்பளம் வாங்குச்சு. அது இங்கிலீஷ்ல நல்லா இருக்கறன்னு எழுதிப் போட்டுதாமா. வக்கீலு படிக்கறாரு, அந்த ஆபீசரு தலையாட்டறாரு. கேக்கறக்கே நல்லா இருந்துச்சுங்க."

நெற்றிச் சுருக்கம் மாறாமல் அவள் தொடர்ந்தாள்.

"அன்னிக்கே நெட் சென்டருக்குப் போயி எல்லாத்தையும் உக்காந்து படிச்சேனுங்க. ராத்திரிக்குச் சோறு எறங்கல." அவள் குரல் தணிந்தது. "எங்கம்மாளுக்கு மல்லிகைப் பூவுன்னா உசுருங்களா? எனக்குத் தெரியாதுங்க. நான் ஒரு நாளுங்கூட வாங்கிக் குடுத்ததில்ல. பொணத்து மேல போட்டதுதான்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் அந்தப் பக்கங்களைத் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவற்றில் அவள் தாயைத் தேடியிருக்கிறாள்.

"ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. இதுல எதெல்லாம் எங்கம்மா சொன்னது? நீங்க தெனமும் பேசியிருக்கறீங்க. நாஞ் சனி ஞாயிறுதான் வருவேன். வந்தா, கண்ணு சாப்டியா, அவ்வளவுதான் பேசும். உங்ககிட்ட வேற என்னங்க சொல்லுச்சு?"

நல்லா இருக்கறனுங்க. மத்தபடி நல்லா இருக்கறனுங்க. அவ்வளவுதான் அவள் என்னிடம் சொன்னது. அதை இந்தப் பெண்ணிடம் எப்படிக் கொடுப்பது? மல்லிகையை அவள் வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. "நிறைய சொல்லுவா கண்ணு" என்றேன். அவள் கண் நிறைந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் மாசாணி என்னிடம் இன்னொன்றும் சொன்னாள். அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

போன வருடம் தைப் பொங்கல் முடிந்த சமயம். ஆபீஸ் படிக்கு வெளியே வந்து நின்றாள். நான் கூப்பிடாமல் அவளாக வந்தது அந்த ஒரு தடவைதான்.

"அம்மணி, ஒரு ஒத்தாசை பண்ணோணுமுங்க. என்னைய அக்கட்ட பேக்கிங்குக்கு மாத்தி உடச் சொல்லி பெரியவருகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா? அங்கன்னா தூசு இல்லீங்க. நீங்க சொன்னாக் கேப்பாருங்க."

சொல்றேன் மாசாணி என்றேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து அதை யோசித்தேன். பேக்கிங்கில் என்ன இருக்கிறது? அட்டைப் பெட்டி, ஆணி, வைக்கோல். பெட்டிக்கு ஆணி அடிப்பவள் என்ன எழுதுவாள்? கென்யாக்காரரும் ஹாலந்துப் பெண்ணும் மணலுக்காக வருகிறவர்கள். இல்லாமல் போகிற உருவத்தைக் கையால் செய்கிறவள் அவர்களுக்கு வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து அவள் கேட்டாள், "சொன்னீங்களாங்க?"

"சொல்லிட்டேன். பாக்கலாம்னார்."

"சரிங்க அம்மணி. உங்களுக்குத்தான் தொந்தரவு."

மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை. கேட்டால் என் பேச்சை நம்பாததுபோல ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். அவள் கேட்டிருந்தால் ஒருவேளை நான் சொல்லியிருப்பேன். அவள் அவ்வளவு மரியாதை தெரிந்தவளாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

அண்ணனிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சாப்பிட்டுக்கொண்டே சரி என்றிருப்பார். இது இன்றுவரை யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஜெரோம் சார். நீங்கள் என்னிடம் கேட்கும் வாக்கியம் இதோடு வைத்துப் பார்த்தால் மிகச் சிறியது. நீங்கள் அண்ணன்மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள்.

ஆடியில் அவளை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மூக்கில் குழாய். உடம்பு கட்டிலில் இருந்ததே தெரியவில்லை, போர்வை மட்டும் கிடந்ததுபோல இருந்தது. பழக்கத்தில் கேட்டுவிட்டேன். எப்படி இருக்கே மாசாணி? குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு அவள் சொன்னாள். என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியும். மத்தபடி என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்றைய பக்கத்தை எழுதும்போது எனக்கு உறுத்தல் ஒன்றும் இல்லை.

இரண்டு நாளில் போய்விட்டாள். ஆபீசில் அரைநாள் லீவு விட்டார்கள். அண்ணன் மாலை அனுப்பினார். பக்கத்தை நிறுத்திவிடலாமா அத்தை என்று வம்சி கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. எதற்கு என்றேன். அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது கார்த்திகை. நேற்றுக்கூட ஒரு பக்கம் போனது. மழை விட்ட பிறகு மலை கழுவி வைத்ததுபோல இருந்தது என்று மாசாணி எழுதினாள். கேட்பதற்குக் கோர் ஷெட் வாசலில் இப்போது யாரும் இல்லை என்பதால் காலையில் கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொள்கிறேன். பதில் மாறவில்லை.

இதையெல்லாம் நான் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் கேட்டுவிட்டு நான் யோசிக்கிறேன் என்று காத்துக்கொண்டிருக்கிறீர்கள். சுவர் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். அன்புக்கரசி பார்க்கவில்லை. அவள் என்னை நம்பிவிட்டாள். அந்த மல்லிகையால் நம்பிவிட்டாள்.

"காசு ஒண்ணும் வேண்டாமுங்க" என்கிறாள். "எங்கம்மா எதுல செத்துச்சுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கட்டும். இன்னும் அங்க நாலஞ்சு பேரு மணலு சலிக்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. நாங்களே வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போறமுங்க."

எவ்வளவு அடக்கமாகக் கேட்கிறாள். தாய் கேட்டதுபோலவே.

நான் திங்கட்கிழமையை நினைத்துப் பார்க்கிறேன். அந்த அறையில் எழுந்து நின்று அந்த வாக்கியத்தைச் சொல்கிறேன். சொன்ன அந்த நொடியில் மலை இல்லை, மழை இல்லை, நீலத் துணிக்கு மேல் சிரித்த கண்கள் இல்லை. ஹாலந்தில் ஒரு பெண் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து, மாசாணி செத்துப்போனாள் என்று படிக்கிறாள். செய்தது யார் என்று கேட்கிறாள். அவளிடம் நான் என்ன சொல்வேன்? ஒரு பெண்ணைச் சாகவிடுகிறவள் அல்ல நான்.

"மன்னிச்சுக்குங்க" என்றேன். "நான் வரலீங்க."

நீங்கள் காகிதங்களை எடுத்துப் பைக்குள் வைத்தீர்கள். அன்புக்கரசி எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க?" என்றாள்.

அவள் டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது.

"அவ நல்லா இருக்கறா கண்ணு" என்றேன். "இல்லைன்னு என் வாயால எப்படிச் சொல்றது?"